வாக்குத்தத்தப் பாட்டு

கண்ணுசாமி அண்ணன் எட்டு மா குத்தகை நிலத்தைப் பதினாறு மாவாக ஆக்கிக்கொண்டது ஒரு பாட்டைக் கேட்டுத்தான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். குடவாசலில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டு அப்போது எங்கள் எல்லோருடைய வாயிலும் இருந்தது, என் வாய் உட்பட.

எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக் செட் கடை. சித்தீக் பாய் கடை என்றால் யாரும் கை காட்டுவார்கள். மாரியம்மன் திருவிழா, தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம், காது குத்து, எதுவானாலும் என் பெட்டிகள்தான் கத்தும். எந்தச் சாமிக்குப் போனாலும் எனக்கு ஒரே வேலை, மைக் கீச்சிடாமல் பார்த்துக்கொள்வது. அப்படி ஊர் ஊராகப் போய் என் காது கொஞ்சம் திமிர் பிடித்துவிட்டது. நல்ல சத்தம் எது, சும்மா இரைச்சல் எது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் சில வாடிக்கைகளை இழந்தும் இருக்கிறேன்.

கண்ணுசாமி அண்ணனுடைய மகன் ஜெக்கரியா. சோழசூடாமணி ஆற்றங்கரையில் அவர்கள் வீடு. அண்ணனுடைய அப்பா காலம்வரை பண்ணையில் கூலி. அண்ணன் காலத்தில் வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சொந்தமாகப் பயிர் வைக்கத் தொடங்கினார்கள். ஜெக்கரியா பாலிடெக்னிக் முடித்துவிட்டு மின்வாரியப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன், நடுவில் சிங்கப்பூர் மாமா ஒரு எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்து கொடுக்கப் பரீட்சையை மறந்துவிட்டான். அவன் மனைவி மேகலா நர்சரிப் பள்ளியில் டீச்சர். மன்னார்குடிப் பெண். டிரம்ஸ் வாசிப்பாள். ஒல்லியான உடம்பை வைத்துக்கொண்டு அவள் அடிக்கிற அடியைப் பார்த்தால் யாரோ அவளுக்குத் தீங்கு செய்துவிட்டார்கள் என்று தோன்றும்.

தெருவில் வாசித்தால் கைக்குழந்தைகள் அழுகின்றன என்று புகார் வந்ததால் என் குடோனில் வாசித்தார்கள். கிறிஸ்தவப் பாட்டு என்றால் ஆர்மோனியமும் தபேலாவும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இவர்கள் வாசித்தது ராக். கிடார் சீறும். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரை நேருக்கு நேர் கூப்பிடுவான், கடன்காரனைக் கூப்பிடுகிற மாதிரி அதட்டலாக. எனக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. சபைப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பேய்ச் சத்தம் என்றார்கள்.

கிறிஸ்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் பிறக்கும்போது ஒரு வசனத்தை அந்த வருஷத்துக்கான கடவுளின் வாக்காக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் வாக்குத்தத்தம். அட்டையில் அச்சடித்து நிலைப்படிக்கு மேல் ஒட்டுவார்கள். கொஞ்ச காலமாக அட்டை போதவில்லை, பாட்டும் வேண்டியிருக்கிறது. டிசம்பரில் பதிவு செய்து ஒன்றாம் தேதி யூடியூபில் விடுவார்கள். அது ஓடிவிட்டால் வருஷம் முழுக்க ஆட்டோவிலும் கல்யாணத்திலும் அந்தப் பாட்டுதான்.

தஞ்சாவூரில் நீரோடை என்று ஒரு சேனல் வைத்திருக்கும் அறிவுச்செல்வன் பிரதர் போன வருஷம் ஜெக்கரியாவைப் பிடித்தார். மூன்று வருஷத்துக்கு அவன் எதைப் பாடினாலும் நீரோடையில்தான் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். முதல் பாட்டு அவர் கேட்கிறபடி, விவசாயி கேட்டால் துள்ள வேண்டும். அது ஓடிவிட்டால் அடுத்த வருஷம் உங்கள் இஷ்டப்படி ஒரு பாட்டு, நான் குறுக்கே வரமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். ஜெக்கரியா அந்த அடுத்த வருஷத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டான். என் குடோனில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தான்.

'ஒரு மரக்கால் விதைத்தேன், இரு மடங்காய் அளந்தீர்.'

இவ்வளவுதான் பாட்டு. இதையே திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். ஸ்டூடியோவில் கிடாரை அமுக்கிவிட்டார்கள். மேகலாவின் டிரம்ஸை மொத்தமாக எடுத்துவிட்டு மெஷின் தாளம் போட்டார்கள். வெளிவந்ததைக் கேட்டுவிட்டு, இதில் நீ எங்கேடா இருக்கிறாய் என்று நான் கேட்டேன். தேட வேண்டாம் பாய், அடுத்த வருஷம் வருவேன் என்று சிரித்தான்.

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. நடவு வயலில் இந்துப் பெண்கள் பாடினார்கள். எங்கள் பள்ளிவாசல் தெருவில் ஹமீதா பானு மாமி வீட்டுப் பிள்ளைகள் பாடினார்கள். ஆடி மாதம் ஒரு நாள் கண்ணுசாமி அண்ணன் பக்கத்து எட்டு மாவையும், இன்னும் இரண்டரை ஏக்கருக்கு மேல், சம்பாவுக்குக் குத்தகை பேசி முடித்துவிட்டு வந்தார். ஜெக்கரியா பதறிப்போனான். பாட்டில் வருவது வேறு, வயலில் நடப்பது வேறு என்று அவரிடம் மன்றாடினான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பாடுனது உன் வார்த்தையாடா? அது அவரு வார்த்தை. அதைத் தட்டிச் சொல்ல நீ யாரு?"

எழுதினவனுக்கே அந்தப் பாட்டின்மேல் உரிமை இல்லாமல் போய்விட்டது. எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது நினைத்தால் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பதினாறு மாவும் நன்றாகத்தான் வந்தது. அண்ணனும் தங்கம்மாள் அண்ணியும் ஆள் பற்றாமல் அவர்களே நாற்றுப் பறித்தார்கள், களை எடுத்தார்கள். மேகலா பள்ளி விட்டு வந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாள். பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டுகிற நேரம் பார்த்துக் கார்த்திகை மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் அடித்தது. மழை நின்ற பிறகும் வடிகால் வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறியதே தவிர இறங்கவில்லை. எட்டு நாள் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது.

அந்த எட்டு நாளும் நான் பார்த்தேன். அப்பனும் மகனும் மண்வெட்டியோடு வரப்பை வெட்டிவிடுவதும், வெட்டின வழியாகப் பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வருவதும், மறுபடி அடைப்பதுமாக இருந்தார்கள். அண்ணன் வீட்டுக்கே வரவில்லை. மோட்டார் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்தே இருந்தார். ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தபோது பயிர் சேற்றில் படிந்து கிடந்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, அடித்தண்டு கொழகொழவென்று. கணக்கெடுக்க வந்தவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கிராமக் கணக்கு அடங்கலில் நிலத்துக்காரர் பேர்தான் இருக்கிறது, அண்ணன் பேர் கிடையாது, நிவாரணம் வந்தாலும் அவருக்கு இல்லை.

அடுத்த வாரம் ஜெக்கரியாவும் மேகலாவும் குடோனுக்கு வந்தார்கள். புதுப் பாட்டு, பதிவு பண்ணித் தாங்க பாய் என்றார்கள். என்னிடம் இருந்த நாலு மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். பாட்டுக்கு எட்டு நாள் என்று பேர். முதலில் மேகலாவின் பெரிய டிரம் மட்டும், நின்று நின்று, தூரத்தில் யாரோ வரப்பை மிதித்துக் கெட்டியாக்குகிற மாதிரி. பிறகு கிடார். பிறகு அவன் குரல்.

'நீர் தூங்கினீரோ ஆண்டவரே,
என் அப்பன் தூங்கலையே.
என் வயலில் நிற்கிற தண்ணீருக்கு
என்ன பேர் வைத்தீர்?'

கடைசியில் கிடார் ஒரு சீறல் சீறி அப்படியே நிற்கும். ஆமென் கிடையாது, ஆறுதல் கிடையாது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் என் பெட்டியில் இப்படி ஒரு பாட்டு ஓடினதில்லை. இந்தப் பாட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு வெறி பிறந்தது. அவனுடைய முறை இது. வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாளே மூன்று பேரும் தஞ்சாவூர் போனோம். அறிவுச்செல்வன் பிரதரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகப் பேசினார். ஒன்றாம் தேதி காலையில் சனங்கள் போனைத் திறப்பது ஒரு வாக்கைத் தேடி. அந்த நேரத்தில் நீர் தூங்கினீரோ என்று எப்படிக் கேட்பது? அவர் யோசித்து வைத்திருந்தது நூறு மடங்கு. இழந்தவர்களுக்கு நூறு மடங்கு திரும்ப வரும் என்று ஒரு பாட்டு. மேகலா எழுந்து நின்று, போன வருஷம் நீங்கள் கொடுத்த வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"வார்த்தை மாற மாட்டேன்மா. ஆனா இது யாருக்கான பாட்டு? வயலை இழந்தவங்களுக்குத்தானே? ஜெக்கரியா பிரதர், உங்க அப்பாகிட்ட போட்டுக் காட்டுங்க. இது எனக்கு வேணும்னு அவரு சொல்லட்டும். ஒண்ணாம் தேதி இதையே விடுறேன். கிடாரைக்கூடக் குறைக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் ஜெக்கரியா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜெயித்தாகிவிட்டது என்றே மூவரும் நினைத்தோம். அந்தப் பாட்டுக்கு அவன் அப்பாவை விட்டால் வேறு யார் சாட்சி? திரும்புகிற வழியில் கும்பகோணத்தில் புரோட்டா சாப்பிட்டோம். மேகலா மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள், கடைக்காரர் முறைத்தும் நிறுத்தவில்லை.

மறுநாள் மதியம் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கம்மாள் அண்ணி அம்மியில் வயல் நண்டை இடித்துக்கொண்டிருந்தார், ரசம் வைக்க. நெல் போன வயலில் இந்த வருஷம் நண்டுக்குக் குறைவில்லை. அண்ணன் அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு நின்றார். உங்களுக்காக எழுதினதுப்பா என்று சொல்லிவிட்டு ஜெக்கரியா என்னைப் பார்த்தான். நான் போட்டேன்.

அவர் உட்காராமல் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "பாய், அப்பன் தூங்கலையேன்னு வருதுல்ல, அதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டேன். மேகலா என் பக்கம் திரும்பிக் கண்ணால் சிரித்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றார் அண்ணன். "அத்தனையும் நெசம். இதை ஊருக்கு விடப் போறியா?"

"நீங்க சரின்னு சொன்னா விடுவாங்கப்பா."

"வேணாம்ப்பா."

ஜெக்கரியாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"நான் வரப்புல நின்னு அவருகிட்ட கேட்டதெல்லாம் இதுதான். இதைவிட மோசமாவே கேட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. இதைக் கேட்டா எனக்கு மறுபடி அந்தக் கொட்டகையில உக்காந்த மாதிரி இருக்கு. எனக்கு இது எதுக்கு? எனக்கு வேற குடு."

"வேற என்னப்பா?"

"போன வருஷம் குடுத்தியே, அந்த மாதிரி. அதைப் பாடிக்கிட்டுதான் நானும் உங்க அம்மாவும் பதினாறு மாவுக்கும் நாத்துப் பறிச்சோம். இடுப்பு வலி தெரியல. அப்படி ஒண்ணு இல்லாம எதைச் சொல்லிக்கிட்டு நான் திரும்பச் சேத்துல காலை வைக்கிறது?"

ஜெக்கரியா அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தவன் எத்தனை நாளைக்குத்தான் வைத்திருப்பான்?

"அப்பா, அந்தப் பாட்டை நான் நம்பி எழுதல. பாய் குடோன்ல உக்காந்து ஒரு டீ ஆறுறதுக்குள்ள எழுதுனது. ஓடுற மாதிரி ஒண்ணு கேட்டாங்க, குடுத்தேன். அதுல ஒண்ணும் இல்லப்பா. அதை நம்பி நீங்க நெலத்தைப் பிடிச்சீங்க. எட்டு மாவோட இருந்திருந்தா தாக்குப் பிடிச்சிருக்கலாம். எல்லாம் என்னாலதான்."

அம்மிச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் கோபப்படுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் வந்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ நம்பலைன்னா போகட்டும். நான் நம்புனேன்ல? உங்க அம்மா நம்புனாள்ல? நெல்லைத் தண்ணி எடுத்துக்கிச்சு. பாட்டை நீ வந்து எடுத்துக்காதப்பா."

அண்ணி எல்லோருக்கும் சோறு போட்டார். நண்டு ரசம் காரமாக, மிளகு தூக்கலாக இருந்தது. நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெக்கரியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஆற்றங்கரையில் வண்டியை எடுக்கும்போது அவன் என்னோடு வந்தான். அறிவுச்செல்வனோடு சண்டை போடலாம் பாய், எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுக்கூட வந்துவிடலாம், இவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டான். மேகலா பின்னாலேயே வந்து, நூறு மடங்குக்கு நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெக்கரியா நூறு மடங்கைப் பாடப் போனபோது, சொன்னபடியே அவள் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. அங்கே யாரும் அவளைத் தேடவும் இல்லை, மெஷின் தாளம் தயாராக இருந்தது. எட்டு நாள் பாட்டு என் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருப்போம்.

நூறு மடங்குக்கு வீடியோ எடுக்க விளைந்த வயல் வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது விளைந்த வயல்? தேடித் தேடித் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் முன்கூட்டியே நட்ட வயல் ஒன்று கிடைத்தது. துரைராசு என்பவருடையது. தங்க நிறத்தில் கதிர் சாய்ந்து நின்றது. கதிர்க்கட்டோடு நிற்க ஒரு விவசாயி வேண்டும், வேஷம் போட்ட ஆளாக இருக்கக் கூடாது என்று படம் எடுக்க வந்தவர்கள் சொல்ல, அறிவுச்செல்வன் பிரதர் கண்ணுசாமி அண்ணனையே கேட்டுவிட்டார். அவர் மனசில் கள்ளம் இல்லை, மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். அண்ணன் உடனே சம்மதித்தார். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் வந்து இறங்கினார்.

பாட்டை ஓடவிடுகிற வேலை எனக்கு. ஜெக்கரியா வரப்பில் கிடாரோடு நிற்க வேண்டும். வயர் எதிலும் சொருகாத கிடார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், அவன் வாயை அசைத்தால் போதும். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை எடுத்தார்கள். முகத்தில் சந்தோஷம் போதவில்லை, போதவில்லை என்று அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவனும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனை வயல் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஊரான் கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடம் வருவதற்கு முன்னால் ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் வரப்போரம் நின்றிருந்த துரைராசுவிடம் பாட்டுச் சத்தத்துக்கு மேல் உரக்கப் பேச்சுக் கொடுத்தார். என்ன ரகம், எத்தனை தண்ணி கட்டினீங்க என்று கேட்டார். பையன்கள் இரண்டு பேரும் கனடாவில் இருக்கிறார்கள், எனக்கு முடியவில்லை, அடுத்த போகத்துக்கு யாரிடமாவது விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று துரைராசு சொன்னார்.

"எத்தனை மாங்க இருக்கும்?" என்று கேட்டார் கண்ணுசாமி அண்ணன்.

"ஒரு வேலிக்குக் குறையாதுங்க, இருபது மா."

"நான் பாத்துக்குறேன். இங்கயே வந்து தங்கிக்குறேன். வேற யாருக்கும் வார்த்தை குடுத்துடாதீங்க."

ஸ்பீக்கரில் நூறு மடங்கு, நூறு மடங்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெக்கரியா இருந்த இடத்துக்கு இந்தப் பேச்சு கேட்டிருக்கும். அவன் முகம் அப்படியே வெளுத்தது, வாய் மட்டும் அசைந்தது. என்னால் தாங்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் பாட்டை நிறுத்திவிட்டேன். வயலில் சட்டென்று சத்தமே இல்லை. இப்போதாவது அவன் கிடாரைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பாவிடம் போவான், வேண்டாம்ப்பா என்று காலைப் பிடிப்பான் என்று நினைத்தேன். நானும் கூடப் போய் நிற்கத் தயாராக இருந்தேன்.

என்ன ஆச்சு என்று அண்ணன் திரும்பி மகனைப் பார்த்தார். மழைக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை. ஏன் நிறுத்திட்டே, பாடுப்பா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஜெக்கரியா பாடினான். ஸ்பீக்கர் இல்லாமல், தாளம் இல்லாமல், குடோனில் ஆண்டவரை அதட்டுகிற அதே குரலில், நூறு மடங்கு என்று தொண்டை கிழியப் பாடினான். இதுதான் வேணும், இதுதான் வேணும் என்று படம் எடுத்தவர்கள் அவனைச் சுற்றி ஓடினார்கள். கண்ணுசாமி அண்ணன் கதிர்க்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து பாடினார்.